நீலச் சட்டைக்காரனின் உயிர்கள்

எங்கள் தெருவில் எல்லோருடைய நாக்கும் நீலமாக இருந்த ஒரு கோடை உண்டு. அதைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. கேட்டால், அந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலத்தில் பஞ்சம் கொஞ்சம் கூடுதல் என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். ஆனால் நான் பக்கத்து வீட்டுக்காரி, கஸ்பார் அண்ணன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையில் ஒற்றைச் சுவர்தான், நானும் தட்டு ஏந்தி நின்று தின்றவள், ஆகவே நான் சொல்கிறேன்.

கஸ்பார் மச்சாடோ சரக்குக் கப்பலில் இரண்டாம் இன்ஜினியராக இருபத்தெட்டு வருஷம் உலகம் சுற்றி, முழங்கால் தேய்ந்துபோய்த் தூத்துக்குடிக்குத் திரும்பி வந்தவர். ஒரே மகளை மஸ்கட்டில் கட்டிக்கொடுத்தாயிற்று. அவர் மனைவி ஹில்டா மைனி இறால் கம்பெனியில் தோல் உரிக்கப் போனாள், காலை ஐந்தரை மணி பஸ்ஸில் போய் மத்தியானம் இரண்டு மணிக்கு வருவாள். அண்ணனுக்கு வேலை இல்லை. இளவயதில் கோபே துறைமுகத்தில் வாங்கிவந்த ஒரு கம்ப்யூட்டர் மட்டும் இருந்தது. அந்தக் காலத்து ஜப்பான்காரர்கள் வீட்டுக் கூடத்தில் வைத்துக்கொண்டது, விசைப்பலகைக்குள்ளேயே மொத்த இயந்திரமும் அடக்கம், வெள்ளையாக இருந்து கிழவன் பல்லைப்போல மஞ்சளாகிவிட்டது, ஒவ்வொரு விசையிலும் கொக்கி கொக்கியாக ஜப்பான் எழுத்து. அதற்கென்று ஒரு குட்டி ஜப்பான் டிவி, நம்மூர்க் கரண்டைக் குறைத்துக் கொடுக்க உறுமிக்கொண்டே இருக்கும் ஒரு டிரான்ஸ்பார்மர், ஒரு டேப் ரெக்கார்டர், பன்னிரண்டு கேசட்டுகள். கேசட்டில் பாட்டு இல்லை, விளையாட்டுகள் இருந்தன. கேசட்டைப் போட்டால் ஐந்து நிமிஷம் பூனையைச் சாக்கில் கட்டி அடித்ததுபோலக் கீச்சென்று கத்தும், அந்தக் கத்தல் முடிந்தால் திரையில் விளையாட்டு வந்து நிற்கும்.

பன்னிரண்டில் அண்ணனுக்குப் பிடித்தது கோட்டை விளையாட்டு. நீலச் சட்டை போட்ட ஒரு குட்டி ஆள், வாய் கிடையாது, கண்ணுக்கு இரண்டு புள்ளி, அவன் ஒரு கோட்டைக்குள் அறை அறையாகப் போகவேண்டும், வழியில் பச்சைப் புழுக்கள் ஊர்ந்து வரும், அவற்றைக் குத்திக் கொல்லவேண்டும், புழு தொட்டால் நீலச் சட்டைக்காரன் செத்துப்போவான், அவனுக்கு மூன்று உயிர். முப்பது வருஷமாக அண்ணன் கடைசி அறையைப் பார்த்ததில்லை.

ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணன் ஒரு புழுவைக் கொன்றபோது அது டிவிக்குக் கீழே தரையில் சொத்தென்று விழுந்தது. அண்ணன் காலைத் தூக்கி முக்காலிமேல் வைத்துக்கொண்டு தொடர்ந்து விளையாடினார். மத்தியானம் மைனி வந்து கதவைத் திறந்தபோது கூடத்தில் கணுக்கால் அளவுக்குக் கிடந்தது.

"என்ன இது?" என்றாள் மைனி.

"புழு. இன்னிக்கு நாலாவது அறை வரைக்கும் போயிட்டேன் ஹில்டா."

கட்டைவிரல் நீளம், உருண்டை இல்லை, ஓரமெல்லாம் படிக்கட்டு வெட்டியதுபோலச் சதுரம் சதுரமாக இருக்கும், தொட்டால் குளிர்ந்து வழுவழுக்கும், வெட்டினால் குடலும் இல்லை ரத்தமும் இல்லை, வெளியே என்ன பச்சையோ அதே பச்சைதான் உள்ளே. நாற்றம்தான் சொல்லிமாளாது, ஒரு வாரம் வெயிலில் கிடந்த இறால் தலையோடு எரிந்துபோன ஒயரின் நாற்றத்தைக் கலந்ததுபோல, மூக்கில் ஏறினால் தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். பூனைகள் வந்து முகர்ந்து தும்மிவிட்டுப் போயின. ஈ உட்காரவில்லை. அதுதான் எனக்கு அதிகம் குமட்டியது, ஈயே வேண்டாமென்று விட்ட ஒன்று.

மைனி புழுக்களை அள்ளிக்கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினாள். சாக்கடை அடைத்துக்கொண்டது. தெரு சண்டைக்கு வந்தது. மாநகராட்சியிலிருந்து சுகாதார ஆய்வாளர் வெயிலுகந்தன் வந்தார், மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு கூடத்தில் நின்றார், அவர் கண்ணெதிரேயே நான்கு புழு விழுந்தன, ஒன்று அவர் செருப்பில். அவர் ஆச்சரியப்படவில்லை, யாரும் படவில்லை. அவருக்கு இருந்த கேள்வி இது மக்கும் குப்பையா மக்காத குப்பையா, பச்சைத் தொட்டியா நீலத் தொட்டியா என்பதுதான். அரைமணி நேரம் யோசித்து, "மீன் கழிவு, வீட்டு உபயோகம்" என்று நோட்டில் எழுதிவிட்டு, செருப்பை எங்கள் வாசல் கல்லில் தேய்த்துவிட்டுப் போனார்.

"விளையாட்ட நிறுத்துங்க," என்றாள் மைனி.

"முப்பது வருஷமா விளையாடுதேன். இப்பதான் ஏதோ கைக்கு வருது. இப்பப் போயி நிறுத்தச் சொல்லுதியே."

அப்படியே ஒரு மாதம் போயிற்று. நாற்றம் பழகியது. பழகும் என்று நாங்கள் நினைத்திருக்கவில்லை, ஆனால் ஒருநாள் தெருவில் ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்து வாசலிலேயே மூக்கைச் சுளித்தபோதுதான் எங்களுக்கே அது ஞாபகம் வந்தது.

பிறகு சித்திரை பிறந்தது, தடைக்காலம் வந்தது. இரண்டு மாதம் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. எங்கள் தெரு முழுக்க விசைப்படகை நம்பி வாழ்கிறவர்கள். மீன் இல்லை, இறால் கம்பெனியும் மூடிவிட்டது, மைனி வீட்டில் இருந்தாள். படகு ஓட்டும் இஞ்ஞாசி தினமும் வந்து கஸ்பார் அண்ணன் விளையாடுவதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஆறடி ஆள், எதையும் பார்த்துக்கொண்டே சும்மா இருக்கத் தெரியாதவன். ஒருநாள் குனிந்து ஒரு கை புழுவை அள்ளி லுங்கி மடிப்பில் போட்டுக்கொண்டு போனான். சாயங்காலம் அவன் வீட்டிலிருந்து மிளகாய்த்தூள் போட்டுப் பொரிக்கும் வாசம் வந்தது.

"என்னல, தின்னுட்டியா?" என்று கேட்டேன்.

"உப்பா இருக்கு பெர்னதெத்தக்கா. கணவா மாதிரி இழுக்கு. பொரிச்சா நாத்தம் போயிருது."

போகவில்லை. நாங்கள் போய்விட்டதாக வைத்துக்கொண்டோம். ஒரு வாரத்தில் தெருவே பொரித்தது, குழம்பு வைத்தது, உப்புத் தடவி மொட்டைமாடியில் காயப்போட்டது. கேசட் கீச்சென்று கத்தத் தொடங்கியதும் பெண்கள் எல்லாம் ஆலைச் சங்கு கேட்டதுபோலப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மைனி வீட்டு வாசலுக்கு ஓடினோம். கேசட் மாறினால் பண்டம் மாறியது. தோட்ட விளையாட்டில் கம்பளிப்பூச்சி, கிணற்று விளையாட்டில் நண்டு மாதிரி ஒன்று, ஓட்டுக்குள் சதை இல்லாமல் சிவப்புக் களி. எதுவும் புழுவுக்கு ஈடாகவில்லை, ஆகவே கோட்டையே ஓடியது. அண்ணனுக்கு மணிக்கட்டு வீங்கியபோது இஞ்ஞாசி உட்கார்ந்தான், இஞ்ஞாசிக்குச் சலித்தபோது மற்றவர்கள். மைனி அடுப்பங்கரையை விட்டு வரவில்லை. அவள் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை. கஞ்சியும் பச்சை மிளகாயும் தின்றாள்.

அண்ணன் விளையாடும்வரை எங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம், மற்றவர்கள் விளையாடியதும் தெரிந்துபோயிற்று. நீலச் சட்டைக்காரன் செத்தாலும் கீழே விழுவான். அண்ணன் அவனை யாரும் பார்க்குமுன் எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பிறகு கொல்லைப் பூவரச மரத்தடியில் புதைத்து வந்திருக்கிறார். மைனிக்கு மட்டும் தெரியும். இஞ்ஞாசிக்கு அந்த வேகம் இல்லை. அவன் தோற்ற அந்த முதல் தடவை சொத்தென்று விழுந்ததை நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி நின்று பார்த்தோம். விரல் உயரம். நீலச் சட்டை, உடம்போடு ஒட்டியது. கண் புள்ளிகள் இரண்டும் திறந்தபடியே. புழு குளிர்ந்திருக்கும், இவன் சூடாக இருந்தான்.

நாங்கள் முதலில் ஒரு துணி போட்டு மூடினோம். நியாயமாகத்தான் நடந்துகொண்டோம் என்று சொல்லிக்கொள்ள அந்த ஒரு துணிதான் எங்களிடம் இருக்கிறது. மூன்றாம் நாள் இஞ்ஞாசி துணியை விலக்கி, ஒரு கையைப் பிய்த்து வாயில் போட்டான்.

அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். கண்ணை மூடினான். "இனிப்பா இருக்கு," என்றான். "பொரிக்கவே வேண்டாம்."

அதற்குப் பிறகு யாரும் ஜெயிப்பதற்காக விளையாடவில்லை. கேசட்டைப் போடுவது, கோட்டை வாசலில் அவனைக் கொண்டுபோய்ப் புழுமேல் நிறுத்துவது, மூன்று தடவை சாகவிடுவது, மறுபடி ஆரம்பிப்பது. விரலால் ஒரே விசையைத் தட்டிக்கொண்டிருந்தால் போதும். புழுக்களை யாரும் சீண்டவில்லை. தரையில் நீலம் நீலமாக விழுந்தன, நாங்கள் சூடு ஆறுமுன் தின்றோம், தலையைக் கடைசியில் தின்றோம், அந்த இரண்டு புள்ளிகளும் பல்லில் நறுக்கென்று கடிபடும். எழுதும்போது எனக்குக் கூசுகிறது, ஆனால் அப்போது கூசவில்லை, அதுதான் உண்மை. நாக்கு நீலமானது. பல் இடுக்கு நீலமானது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மை என்கிற அந்த அப்பத்தை வாங்க வரிசையில் போய் வாய் திறந்தோம், பங்குச் சாமியார் முதல் நாக்கைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், வரிசை நெடுக எட்டிப் பார்த்தார். அடுத்த ஞாயிற்றிலிருந்து நன்மையைக் கையில் கொடுத்தார்.

கஸ்பார் அண்ணன் மட்டும் முதலில் மூலையில் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். "அவன் என்கூட முப்பது வருஷம் இருந்தவன்," என்று ஒருநாள் என்னிடம் சொன்னார், "கப்பல்ல தனியாக் கெடந்தப்ப அவன்தான் எனக்குத் துணை." அப்படிச் சொன்னவர். ஒரு மத்தியானம் மைனி அவருக்குக் கஞ்சி வைத்தபோது வேண்டாமென்று தலையாட்டினாராம், வாயைத் திறக்கவில்லையாம். மைனி அவர் தாடையைப் பிடித்துத் திறந்தாளாம். நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தேன், பேச்செல்லாம் காதில் விழுந்தது.

"நீங்களுமா?" என்றாள்.

"ஊரே தின்னுது ஹில்டா."

"உங்க ஆளு. நீங்க குழிவெட்டிப் பொதச்ச ஆளு."

"ஏட்டி, நிசமான மனுசனா அவன்? வெறும் கோடும் கட்டமும். கரண்ட நிறுத்தினா இல்லாமப் போறவன்."

"அப்ப நாக்குல இருக்கறது என்னது?"

மைனி அன்றிலிருந்து அவர் பாயில் படுக்கவில்லை, அவர் தின்ற தட்டைக் கழுவவில்லை. என் முகத்தைப் பார்த்தும் பேசவில்லை. குழாயடியில் நான் வாய் திறந்து ஏதோ கேட்டபோது அவள் பார்வை என் நாக்கில் நின்றது, பிறகு குடத்தை அரைகுறையாக எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தடை முடிந்தது. படகுகள் கடலுக்குப் போய்ச் சீலா, பாறை, ஊழி என்று மீன் மீனாகக் கொண்டுவந்தன. எங்களால் மீன் தின்ன முடியவில்லை. மீன் குழம்பு வாசம் வந்தால் ஓங்கரித்தோம். கடலுக்குப் போன இஞ்ஞாசி பாதியில் படகைத் திருப்பிக்கொண்டு வந்தான், நீலச் சட்டைக்காரனைத் தின்னாமல் ஒரு பகல் தாங்கவில்லை என்றான். அவனோடு போனவர்கள் யாரும் அவனை ஏசவில்லை.

மைனி விளையாடக் கற்றுக்கொண்டது அந்த நாட்களில்தான். தெருவே பூசைக்குப் போகும் ஞாயிறு காலையில், வியாழன் நவநாள் ஜெபத்துக்குப் போகும் சாயங்காலத்தில், டேப் ரெக்கார்டரைத் தலையணையால் அமுக்கி மூடிக் கேசட்டைப் போட்டிருக்கிறாள். இறால் உரித்து உரித்து அவள் விரல்களுக்கு வேகமும் பொறுமையும் உண்டு. புழுவைக் கொல்லாமல் தாண்டிப் போகமுடியுமா என்று பார்த்திருக்கிறாள். முடியும், ஆனால் கஷ்டம். பழகும்போது அவள் கையாலும் அவன் செத்தான். விழுந்தவனை எல்லாம் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றிப் பூவரச மரத்தடியில் புதைத்தாள். நாற்பத்தொரு பேர் என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

ஆடி மாதம் ஒரு ஞாயிறு, சாமியாருக்கு உடம்புக்கு முடியாமல் பூசை சீக்கிரம் முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது கதவு திறந்துகிடந்தது, மைனி டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் வழக்கம்போலத் தட்டு எடுத்துக்கொண்டு வந்து நின்றோம். சொத்தென்ற சத்தம் வரவில்லை. அரைமணி ஆயிற்று. திரையில் நீலச் சட்டைக்காரன் நாங்கள் யாரும் பார்த்திராத அறைகளில் போய்க்கொண்டிருந்தான், புழுக்கள் இரண்டு பக்கமும் ஊர்ந்தன, அவன் நின்றான், குதித்தான், பதுங்கினான், ஒன்றையும் குத்தவில்லை.

"என்ன மைனி, வெறுங்கையா அனுப்பப் போறியளா?" என்றான் இஞ்ஞாசி.

மைனி திரும்பவில்லை.

"கொல்லுங்க மைனி. ஒரு தடவையாவது சாகவிடுங்க. காலையிலேருந்து ஒண்ணும் திங்கல."

எனக்கும் பசித்தது. நானும் சொன்னேன். "கொல்லுங்க மைனி" என்று என் வாயால் சொன்னேன். பின்னால் நின்றவர்கள் தட்டை உள்ளங்கையால் தட்டத் தொடங்கினார்கள். கஸ்பார் அண்ணன் எழுந்து நொண்டிக்கொண்டே வந்து விசைப்பலகைமேல் கையை நீட்டினார். மைனி விரலை எடுக்காமல் குனிந்து அந்தக் கையைக் கடித்தாள். அண்ணன் அலறிக்கொண்டு பின்னால் போனார். அவள் கண் திரையைவிட்டு அகலவில்லை.

கடைசி அறையில் ஒன்றுமே இல்லை. அரசன் இல்லை, புதையல் இல்லை, ஒரு கதவு மட்டும். அவன் கதவுக்குள் போனான். திரை கறுத்தது. டிவிக்குக் கீழே, சத்தமில்லாமல், அவன் வந்து நின்றான். உயிரோடு.

விரல் உயரத்தில், இரண்டு புள்ளிக் கண்ணோடு, எங்களை அண்ணாந்து பார்த்தான். எங்கள் தட்டுகளைப் பார்த்தான், திறந்திருந்த வாய்களைப் பார்த்தான், நாக்குகளைப் பார்த்தான். வாய் இல்லாத முகம், ஆனாலும் அவன் வயிறு எக்கி எக்கி அடங்கியது, வாந்தி எடுக்க முடியாத ஒருவன் வாந்தி எடுப்பதுபோல. இரண்டு சதுரக் கைகளாலும் மூக்கு இருக்கவேண்டிய இடத்தைப் பொத்திக்கொண்டான்.

அதைப் பார்த்த நேரத்தில் என் வாயில் எச்சில் ஊறியது. இதை நான் சாமியாரிடம் எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னதில்லை.

இஞ்ஞாசி குனிந்தான். நீலச் சட்டைக்காரன் ஓடவில்லை. ஓட முடியாது, விசையைத் தட்டினால்தான் அவனுக்குக் கால், அது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. இஞ்ஞாசியின் விரல் அவன் தலையைத் தொடப்போகையில் மைனி வலது விசையை அழுத்தினாள், அவன் விருட்டென்று இஞ்ஞாசியின் காலிடுக்கில் புகுந்து ஓடினான். குதிக்கும் விசையை அழுத்தினாள், வாசல்படியைத் தாண்டித் தெருவில் குதித்தான். அதற்குமேல் மைனிக்குத் தெரியவில்லை. எழுந்து போய்ப் பார்க்க முடியாது, விரலை எடுத்தால் அவன் நின்றுவிடுவான்.

"யாராவது சொல்லுங்க," என்றாள். அவள் எங்களிடம் பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. "எங்க நிக்கான்? யாராவது வழி சொல்லுங்களேன்."

நாங்கள் தட்டோடு வாசலுக்கு நகர்ந்தோம். தெருவில் அவன் நின்றிருந்தான், தனியாக, வெயிலில். ஒரு நாய் மூக்கை நீட்டிக்கொண்டு அவனை நோக்கி வந்தது. என் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டது ஞாபகம் இருக்கிறது.

"இடது மைனி!" என்று கத்தினேன். "நாய் வருது, இடது! குதிங்க! இன்னொரு குதி!"

அவன் குதித்துச் சாக்கடைக் கல்மேல் ஏறினான். நான் பின்னாலேயே நடந்தேன். "நேரே. நேரே. சைக்கிள் நிக்கு, சுத்திப் போங்க." தெருவோரத்து அந்தோனியார் கெபியைத் தாண்டியதும் என் குரல் மைனிக்கு எட்டவில்லை. அப்போது எனக்குப் பின்னால் யாரோ நான் சொன்னதை வாங்கிச் சொன்னார்கள், "வலதாம்!" என்று. அதற்குப் பின்னால் இன்னொருவர். திரும்பிப் பார்த்தேன், அடிக்கு ஓர் ஆளாக வீட்டுவரை நின்றிருந்தார்கள், வாய் ஓயாமல் வலது இடது குதி நில் என்று ஒருவரிடமிருந்து ஒருவராகச் சொல் போய்க்கொண்டிருந்தது, வீட்டு வாசலில் கடைசியாக நின்று மைனிக்குச் சொன்னது இஞ்ஞாசி. கஸ்பார் அண்ணன் மட்டும் அந்த வரிசையில் இல்லை. கடிபட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாராம்.

தெரு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் அவன் நின்றான். நான் சொன்னேன், சொல் போயிற்று, அவன் அசையவில்லை. மறுபடி சொன்னேன். மைனி விசையை அழுத்திக்கொண்டேதான் இருந்தாளாம். அதற்குமேல் விசைக்கு எட்டவில்லை போலிருக்கிறது. நான் பயந்துபோய் அவனைக் கையில் எடுக்கக் குனிந்தேன். அவன் ஓர் அடி பின்னால் வைத்தான். அவனாக, எந்த விசையும் இல்லாமல்.

அன்று சாயங்காலம் தொடங்கி மூன்று நாள் தெரு முழுக்க வாந்தி எடுத்தோம். சாக்கடையில் நீலமாக ஓடியது, அதோடு அதுவரை மறந்துபோயிருந்த நாற்றம் முழுவதும் ஒரேயடியாகத் திரும்பி வந்தது, எங்கள் சேலையில், தலைமயிரில், பிள்ளைகளின் வாயில். வெயிலுகந்தன் வந்து பார்த்துவிட்டுக் குளோரின் தூள் போட ஆள் அனுப்பினார். மைனி பன்னிரண்டு கேசட்டின் நாடாவையும் உருவிக் கத்தரித்தாள். அண்ணன் தடுக்கவில்லை. அவருக்குக் கஞ்சி கொடுத்தாள், தட்டை அவரே கழுவிக்கொள்ளட்டும் என்றாள், இன்றுவரை அவரே கழுவுகிறார்.

ஆனால் அது எல்லாம் பிறகு. அன்று கடற்கரையிலிருந்து நான் திரும்பி வந்தபோது மைனி விசைமேல் வைத்த விரலை இன்னும் எடுக்கவில்லை. விரல் நுனி வெளுத்திருந்தது.

"எடுத்திருங்க மைனி," என்றேன். "போயிட்டான்."

"திரும்பிப் பாத்தானா?"

பார்த்தான் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அந்த நாக்கை வைத்துக்கொண்டு அவளிடம் பொய் சொல்ல முடியவில்லை.

"இல்ல மைனி. நம்ம தெரு மண்ண ரெண்டு கால்லயும் உதறிட்டுப் போனான்."

மைனி விரலை எடுத்தாள்.

"நல்ல பிள்ள," என்றாள்.